நொட்டையார் தங்கிய மூன்று நாள்

குளியலறைக் கதவுக்குப் பின்னால், சுவரும் தரையும் சேருகிற மூலையில், நொட்டையார் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிப் போட்டார். தலையில் இருப்பதே விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவுதான். அதிலும் தொழிலுக்கென்று மாதம் நாலைந்து போய்விடுகிறது. அடுத்து, ரயில் டிக்கெட்டின் ஓரத்தைக் கிழித்து நாலாக மடித்துக் கட்டில் காலுக்கு அடியில் செருகினார். தலைமாட்டு விளக்கின் பல்பை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்தார். கதவு நிலையின் மேற்கட்டையை விரலால் ஒரு இழு இழுத்து, விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூசி இல்லை. "பரவாயில்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் குரலில் பாராட்டைவிட ஏமாற்றம்தான் அதிகம்.

நொட்டையார் என்பது மனைவி வைத்த பட்டம். கல்யாணமான மூன்றாம் நாள் காபியில் சூடு பத்தவில்லை என்று இவர் சொல்லப்போக, "ஒரு வாய் உள்ள போறதுக்குள்ள நொட்டை சொல்லியாகணுமா, நொட்டையாரே?" என்று அவள் கேட்டதில் ஒட்டிக்கொண்டது, இருபத்தேழு வருஷமாக உதிரவில்லை. பிறகு அதுவே அவருக்கு உத்தியோகமும் ஆனதுதான் வேடிக்கை. பதினைந்து வருஷம் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவரை ஒரு கம்பெனி கூப்பிட்டு, இனிமேல் நீங்கள் விருந்தாளியாகவே போய்த் தங்குங்கள் என்றது. பெட்டியோடு போக வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், குறை கண்டுபிடிக்க வேண்டும். ஏற்பாடு ஓட்டல் முதலாளியுடையது. அங்கே வேலை செய்கிற ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது. வீடு திரும்பியதும் இருநூற்றுப் பதினான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். அதுவரை கண்டதையெல்லாம் சட்டைப்பையில் இருக்கிற சின்ன நோட்டில், தனக்கு மட்டுமே புரிகிற கோழிக்கிறுக்கலில் குறித்துக்கொள்வார். பக்கத்துக்கு மூன்று கட்டம்: இடம், குறை, எப்படி இருக்க வேண்டும். குளிக்கப் போகும்போதுகூட அந்த நோட்டைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொள்கிற ஆள் அவர். அவர் எழுதியதால் வேலை போனவர்களும் உண்டு. கேட்டால், "நான் குறையைத்தான் எழுதறேன், ஆளை எழுதறதில்ல" என்பார்.

"சொர்க்கத்துக்குப் போனாலும் வாசக்கதவு கிரீச்சுங்குதுன்னு எழுதிட்டுத்தான் உள்ள கால வெப்பீங்க" என்பது மனைவியின் கருத்து.

இந்த ஓட்டல் சொர்க்கத்துக்கு இரண்டு படி கீழே என்று சொல்லலாம். கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பதினான்கு மாடியும் கண்ணாடி. உள்ளே நுழைந்தால் தெருச்சத்தம் கத்தியால் அறுத்த மாதிரி நின்றுவிடும். தரையில் முகம் பார்க்கலாம். அப்படியும் முதல் நாள் மாலைக்குள் நொட்டையார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி ஆறு குறை பிடித்துவிட்டார். லாபியில் தெருப்பக்கத்து சோபா: நாலு மணிக்கு வெயில் கண்ணைக் குத்துகிறது. லிப்ட்: ஒரே பாட்டுத் துண்டு திரும்பத் திரும்ப. அறை: திரைச்சீலை நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி, படுத்தால் வெளிச்சம் நெற்றியில் விழும். குளியலறைக் குழாய்: வெந்நீர்க் குறி இடம் மாறியிருக்கிறது.

குழாய் விஷயத்தை அவருக்குச் சொன்னதே ஒன்பதாம் மாடியைச் சுத்தம் செய்கிற அம்மாள்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு, மூக்கால் ஏதோ ஒரு பாட்டின் ஒரே ஒரு அடியை இழுத்துக்கொண்டு வந்தவள், இவர் கதவைத் திறப்பதைப் பார்த்து நின்றாள்.

"இந்த ரூமா சார்? நல்ல ரூமு. குழாய மட்டும் சிவப்புப் பக்கம் திருப்பாதீங்க, பச்சத்தண்ணி வந்து முதுகுல அறையும். எந்தப் புண்ணியவானோ மாத்தி மாட்டிட்டுப் போயிட்டான். சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம்."

சொல்லிவிட்டுப் பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனாள். நொட்டையாருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்தாலும் கை சும்மா இருக்குமா? ஐந்தாவது குறையாக எழுதினார். வராந்தா: பணியாளர் பாடுகிறார், ஓட்டலைப் பற்றி விருந்தாளியிடம் குறை பேசுகிறார். மூன்றாவது கட்டத்தில்: அமைதி, மரியாதை.

ஆறாவது குறைதான் இந்தக் கதைக்கு மூலம். சாயங்காலம் ஆறரைக்கு அறைக்கே சூப் வரவழைத்தார். சூப் முக்கியமில்லை. போனை வைத்த நிமிஷத்திலிருந்து கதவு தட்டப்படுகிற வரை எத்தனை நிமிஷம், எத்தனை நொடி என்பதுதான் கேள்வி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது.

"என்னங்க, பிரஷர் மாத்திரை போட்டாச்சா? இல்ல அதயும் ஓட்டல்காரன் வந்து வாயத் தெறந்து போட்டுவிடணுமா?" ஒரு இருமல். "செடிக்குத் தண்ணி ஊத்துன்னு உத்தரவு போட்டுட்டுப் போனீங்கள்ல, ஊத்தினேன். கீழ்வீட்டம்மா அப்பதான் தலைக்குச் சாயம் பூசிட்டு நிக்கறா..." மேலே சொல்ல முடியாமல் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். கதையின் சிரிப்பான இடத்துக்கு வருவதற்கு முன்பே அவளே சிரித்துத் தீர்த்துவிடுவாள். கேட்கிறவனுக்குக் கடைசிவரை என்ன நடந்தது என்றே தெரியாது.

"நான் அப்பறம் பேசறேன், சூப் வரப்போகுது, வேலையா இருக்கேன்" என்றார் இவர்.

"ஆமாமா, சூப் குடிக்கறது பெரிய வேலதான். உங்கள மாதிரி ஒருத்தர் கஷ்டப்பட்டுச் சூப் குடிக்கலன்னா உலகம் நின்னு போயிடும்."

அதற்குள் கதவு தட்டப்பட்டு, சூப் மேஜைமேல் வந்து, கொண்டுவந்தவனும் போய்விட்டிருந்தான். நேரம் தவறிப்போயிற்று. தவறினால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும் என்பது கம்பெனி விதி. எழுதினார். அறை: வீட்டிலிருந்து போன், நீளமான குத்தல் பேச்சு. பேனா அத்தோடு நின்றிருக்கலாம். பழகின கை, மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அதற்குப் பொறுக்காது. அதையும் நிரப்பியது: இனிமை, சுருக்கம்.

மறுநாள் காலைச் சிற்றுண்டி முடித்து அறைக்கு வந்தால், முடி இல்லை. பல்பு இறுகியிருந்தது. சரி, நல்ல வேலைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார். மேஜைமேல் ஒரு வெள்ளை உறை இருந்தது. உள்ளே, மடிப்பே தெரியாமல் இஸ்திரி போட்ட மாதிரி, அந்த ரயில் டிக்கெட்டின் ஓரம். கூட ஒரு சீட்டு: "நீங்கள் தவறவிட்டது." திரைச்சீலையின் இரண்டு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடியிருந்தன. குழாயின் சிவப்புக் குறி சரியான பக்கத்துக்கு வந்திருந்தது. லிப்டில் பாட்டு நின்றுபோயிருந்தது.

நொட்டையாருக்குச் சுருக்கென்றது. நோட்டு சட்டைப்பையில்தான் இருந்தது. முந்தின நாளிலிருந்து கண்ணைவிட்டு அகலவில்லை. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள், தன்னை இன்னாரென்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட வெளுக்காத சாயம். கீழே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய், பொதுவாகக் கேட்கிற மாதிரி, "குழாய ரிப்பேர் பண்ணச் சொல்லி யாராவது புகார் குடுத்தாங்களாம்மா?" என்றார்.

அவள் கணினியைப் பார்த்தாள். "இல்லீங்க சார். உங்க ரூம் பேர்ல ஒரு புகாரும் இல்லயே. ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல."

"சந்தோஷம் சார். இங்க யாருக்குமே ஒரு கொறையும் இருக்கறதில்ல" என்றாள் அவள். பெருமையாகத்தான் சொன்னாள், பாவம்.

அன்று முழுக்க மனைவி போன் செய்யவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: நொட்டையாருக்கு அது தெரியக்கூட இல்லை. தெரிந்தபோது, அப்பாடா என்றிருந்தது. நீச்சல்குளத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டார். தலையணை கழுத்துக்கு அப்படிப் பொருந்தியது. இப்படி ஒரு நிம்மதி எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று யோசித்துப் பார்த்து, ஞாபகம் வராமல், அதற்கும் கவலைப்படாமல் லாபிக்கு இறங்கி வந்து அந்தத் தெருப்பக்கத்து சோபாவில் சாய்ந்தார். மணி நாலு.

வெயில் கண்ணைக் குத்தவில்லை. மேகமாக இருக்கும் என்று பார்த்தார். வெளியே தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆட்கள் கையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கண்ணாடிக்குத் திரை போடவில்லை. பக்கத்து சோபாவில் வெயில் இருந்தது. எதிர் நாற்காலியில் இருந்தது. தரையில் பளபளத்துக்கொண்டே வந்த வெயில் இவர் சோபாவின் காலடிக்கு வந்ததும், வாசல் பார்த்து நின்ற விருந்தாளி மாதிரி, அங்கேயே நின்றுவிட்டது. கையை நீட்டினார். கை வெயிலுக்குள் போனதும் சுட்டது. உள்ளே இழுத்தால் சில்லென்றிருந்தது. குழாயைத் திருத்த ஆள் இருக்கிறான், சரி. இதை எந்த ஆள் வந்து திருத்தினான்?

பயத்தில்கூட ஒரு தொழில்காரனின் பயம் வேறு மாதிரி. அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்து, எழுதிய வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். சோபா, ஆயிற்று. லிப்ட், ஆயிற்று. திரைச்சீலை, குழாய், ஆயிற்று. ஐந்தாவதில் வந்து நின்றார்; அந்த அம்மாளை அன்று பார்க்கவில்லை. ஆறாவதை அவர் கண் படித்தது, மனசு படிக்கவில்லை. அது தன் சொந்த விஷயம், ஓட்டலுக்கும் அதற்கும் என்ன என்று தள்ளிவிட்டார். ஒரு போன் போட்டுப் பார்த்திருக்கலாம். ஏனோ கை வரவில்லை. நன்றாகத் தூங்கினார் என்பதுதான் இதில் அசிங்கம். அந்தத் தலையணை அப்படி.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு வராந்தாவில் வண்டிச்சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். அதே அம்மாள். அதே மூக்கு, அதே தேய்ந்த செருப்பு. வண்டியைச் சுவரோரம் ஒதுக்கி, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

"காலை வணக்கம் சார். நன்றாகத் தூங்கினீர்களா?"

"என்னம்மா, பாட்டக் காணோம்?"

"மன்னிக்கவும் சார். புரியவில்லை."

"அதான், முந்தாநேத்து மூக்காலயே ஒரு பாட்டு இழுத்துட்டு வந்தீங்களே. குழாய மாத்தி மாட்டுன புண்ணியவானத் திட்டுனீங்களே."

அவள் சிரித்தாள். வரவேற்பில் இருக்கும் பெண்ணும் சூப் கொண்டுவந்தவனும் சிரிக்கிற அதே சிரிப்பு, அதே நேரம் நீடித்தது. "இங்கே எந்தக் குறையும் இல்லை சார். உங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவையா?"

அப்போதுதான் ஆறாவது வரியை அவர் மனசு படித்தது. அறைக்குள் ஓடி, போனை எடுத்து, வீட்டை அழைத்தார்.

வீட்டில் போனை எடுக்க அவளுக்கு ஒரு யுகம் ஆகும். அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, எங்கே வைத்தேன் என்று தேடி, எடுக்கும்போதே "என்ன எழவு அவசரம்" என்றுதான் தொடங்குவாள். இன்று இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"வணக்கங்க. சொல்லுங்க."

"நான்தான்."

"தெரியுதுங்க. நல்லா இருக்கீங்களா?"

"ஏன் நேத்து முழுக்க போன் பண்ணல?"

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்ல."

குரல் அவளுடையதேதான். தொண்டையில் இருக்கிற அந்தக் கரகரப்புகூட அப்படியே. அவளைச் சீண்டிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. சீண்டுவதில் அவருக்கு இருபத்தேழு வருஷ அனுபவம்.

"ரெண்டு நாளா மாத்திரையே போடல."

"உங்க இஷ்டங்க."

"ஈரத் துண்ட மெத்த மேலயே போட்டுட்டு வந்துட்டேன்."

"பரவாயில்லீங்க, எடுத்து வெச்சுட்டேன்."

கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காக முன்பு ஒருமுறை மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. "உன் தம்பி மாதிரி ஒரு உதவாக்கரைய நான் பாத்ததே இல்ல."

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றாள் அவள். "வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அறுபதை நெருங்குகிற ஆள், நீள நீளமாக மூச்சை இழுத்து, குழந்தை மாதிரி அழுதார். பொண்டாட்டி வாய்க்கு ஒரு பூட்டு இருக்கக் கூடாதா என்று எத்தனை பேரிடம் விளையாட்டாகச் சொல்லியிருப்பார். பூட்டு விழுந்ததும் வீடே பூட்டிப்போன மாதிரி இருந்தது.

அழுது முடித்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கதவு மெல்லத் தட்டப்பட்டது. அம்மாள் ஒரு தட்டில் வெள்ளை உறையை ஏந்திக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தார், கூடை காலியாக இருந்தது. உறைக்குள், ஒட்டின தடம்கூட இல்லாமல், முழுப் பக்கமாக அந்தத் தாள். ஆறு குறைகளும் இருந்தன. கிழித்து எறிய முடியாது என்று தெரிந்துபோயிற்று.

ஆனால் இந்தத் தொழிலின் நெளிவுசுளிவு அவருக்குத் தெரியாதா? எந்த ஓட்டலிலும் விருந்தாளியின் புகாருக்கு உயிர், அவர் அறையைக் காலி செய்கிற வரைக்கும்தான். சாவியைக் கொடுத்துவிட்டால் புகாரை மூடிவிடுவார்கள். பிறகு யார் கத்தினாலும் பிரிக்க மாட்டார்கள்; அதுவரை திருத்தினது அப்படியே நின்றுவிடும். காலி செய்கிற நேரம் பன்னிரண்டு மணி. இப்போது எட்டே முக்கால். வரவேற்பைக் கூப்பிட்டு இன்னொரு நாள் நீட்டிக்கக் கேட்டார். "மன்னிக்கவும் சார், உங்கள் அறைக்கு அடுத்த விருந்தாளி வருகிறார்" என்றது அந்தப் பெண்ணின் குரல். நேற்று 'இல்லீங்க சார்' என்று பேசிய பெண்.

சரி, எழுதித்தானே கெட்டது, எழுதியே எடுப்போம் என்று புதுப் பக்கம் திருப்பினார். இடம்: வீடு. குறை: மனைவி பழையபடி பேசுவதில்லை. எப்படி இருக்க வேண்டும்: பழையபடி.

மை காயவில்லை, போன் அடித்தது.

"என்னங்க, பிரஷர் மாத்திரை போட்டாச்சா? இல்ல அதயும் ஓட்டல்காரன் வந்து வாயத் தெறந்து போட்டுவிடணுமா?"

நொட்டையாருக்கு உயிர் வந்தது. "அடிப்பாவி, வயத்தக் கலக்கிட்டியேடி" என்றார், சிரிப்பும் அழுகையுமாக.

ஒரு இருமல். "செடிக்குத் தண்ணி ஊத்துன்னு உத்தரவு போட்டுட்டுப் போனீங்கள்ல, ஊத்தினேன். கீழ்வீட்டம்மா அப்பதான் தலைக்குச் சாயம் பூசிட்டு நிக்கறா..." சிரிப்பு, அதே இடத்தில். அது அடங்கிய பிறகு கொஞ்சம் மௌனம், அவர் பதில் சொல்கிற அளவுக்கு. பிறகு, "ஆமாமா, சூப் குடிக்கறது பெரிய வேலதான்" என்றாள்.

"நான் சூப் குடிக்கலம்மா. காலங்காத்தால யாரு சூப் குடிப்பா?"

"உங்கள மாதிரி ஒருத்தர் கஷ்டப்பட்டுச் சூப் குடிக்கலன்னா உலகம் நின்னு போயிடும்."

மறுபடி மாத்திரையிலிருந்து தொடங்கினாள்.

வைத்துவிட்டார். இந்த ஓட்டல்காரர்களுக்குப் பழையபடி என்றால் அந்த ஒரு அழைப்புதான். இந்த அறைக்குள் விழுந்ததும் நோட்டில் விழுந்ததும் மட்டும்தான் இவர்களுக்குத் தெரியும். மீதி இருபத்தேழு வருஷம் இவர்களுக்கு எங்கே தெரியும்? சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு வரி எழுதினார்: தம்பியைச் சொன்னால் சண்டைக்கு வருவாள், நான் கல்யாணத்துக்கு இரவல் சட்டை போட்டு வந்ததைச் சொல்லிக் காட்டுவாள். வீட்டுக்குப் போன் போட்டார். தம்பியைச் சொன்னார். சண்டைக்கு வந்தாள், இரவல் சட்டையைச் சொன்னாள். அத்தோடு சரி. அடுத்து அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அந்தச் சட்டையிலயும் ஆள் ராஜா மாதிரிதான் இருந்தீங்க, அதுக்கு மயங்கித்தான் கெட்டேன்" என்று இறங்கி வருவாளே, அது வரவில்லை. அதை அவர் எழுதவில்லை.

எழுத ஆரம்பித்தார். இதுவரை எத்தனையோ ஓட்டலின் குறையை எழுதிய கை, இவ்வளவு வேகமாக ஒருநாளும் எழுதியதில்லை. சட்டையைச் சொன்ன பிறகு இறங்கி வருவாள். கோபம் வந்தால் பாத்திரத்தைப் போடுவாள், ஆனால் உடையாததாகப் பார்த்துப் போடுவாள். தலைவலி என்று சொல்ல மாட்டாள்; விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஜோசியம் பொய் என்பாள், ராசிபலனை மட்டும் விடாமல் படிப்பாள். மகளோடு போனில் பேசும்போது குரலைத் தாழ்த்துவாள், என்னைப் பற்றித்தான். சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடிப்பாள். கடந்ததும் பிடிக்காத மாதிரி விட்டுவிடுவாள். தன் அம்மா செத்த அன்று அவள் அழவில்லை. பதினெட்டு நாள் கழித்து வெங்காயம் நறுக்கும்போது அழுதாள், வெங்காயம் என்றாள். எழுத எழுத வந்தது. பத்தாம் பக்கம், பதினோராம் பக்கம். எல்லாமே ஒரு காலத்தில் அவர் நொட்டை சொன்னவைதான். இப்போது ஒவ்வொன்றையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருகிற மாதிரி எழுதினார்.

கடைசித் தாளைச் சுத்தம் செய்கிற அம்மாளுக்கென்று ஒதுக்கினார். அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரு பாட்டின் ஒரே ஒரு அடி. அதற்கும் வார்த்தை தெரியாது. மூக்கால் பாடுவாள், மனசில் பட்டதைச் சொல்லுவாள் என்று எழுதினார். வராந்தாவில் அந்த ஒரு அடி கேட்க ஆரம்பித்தது. நிற்காமல், மூச்சுவிடக்கூட இடமில்லாமல், அதே அடி திரும்பத் திரும்பக் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு மனைவியின் பக்கத்துக்கே திரும்பினார்.

மணி பதினொன்று ஐம்பது. சரிபார்த்தார். காலை எழுவது, இருக்கிறது. சமையல், சண்டை, சமாதானம், தூக்கம், குறட்டை எல்லாம் இருக்கிறது. வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர், பாதியில் நின்றார். ஒவ்வொரு வரியிலும் அவர் இருந்தார். அவர் சொன்னதற்கு அவள் பதில், அவர் போட்டதை அவள் எடுப்பது, அவர் வரும்போது அவள் திறப்பது. மாதத்தில் பாதி நாள் அவர் ஏதாவது ஒரு ஓட்டலில் இருக்கிறார். அந்தப் பாதி நாளும் அந்த வீட்டில் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

புது வரியில் எழுதினார்: நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவள்

பேனா நின்றது. என்ன செய்வாள்? பாடுவாளோ? படுத்தே கிடப்பாளோ? யாரோடு பேசுவாள்? எந்த நாற்காலியில் உட்காருவாள்? பயப்படுவாளா, அல்லது அப்பாடா என்றிருக்குமா? விருந்தாளி இல்லாத அறை எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர். கண்ணை மூடிப் பார்த்தார். வீட்டின் கதவு தெரிந்தது, கூடம் தெரிந்தது, ஜன்னலோரச் செடி தெரிந்தது. நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, அவர் வருகிறவரை அசையாமல்.

"அய்யய்யோ, இல்ல, இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னார்.

போன் அடித்தது. மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து மெல்ல நகர்ந்தது. திரையில் வீடு என்று இருந்தது. எடுத்தால் அவள் எழுதின வரைக்கும்தான். நொட்டையார் ஒரு கையால் போனைத் தொட்டுக்கொண்டே, மறு கையால் பேனாவை அந்த வரியின் நுனியில் ஊன்றி வைத்திருந்தார். ஊன்றிய இடத்தில் மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே வந்தது.